குதிரை வாலுக்குக் கீழே: லியோன் நகரின் பெல்கூர் சதுக்கம்

1999-ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜெர்சி ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டிலுள்ள ஒரு தோசைக் கடையின் கடைசி மேசையில் எங்கள் குடும்பம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில், பெல்கூர் சதுக்கத்தில், மாலை நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திப்பதாக ஏற்பாடு. நாங்கள் மூன்றே முக்காலுக்கே போய்விடுவது. ஆனால் போய்விட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது. அவர்கள் வந்து நின்ற பிறகு, பத்து நிமிடம் விட்டு, அப்போதுதான் வந்து இறங்கியவர்களைப் போல நடந்து போவது. இதுதான் தீர்மானம். இரண்டு சாம்பார் வடைக்கும் ஒரு நெய் ரோஸ்ட்டுக்கும் நடுவில், திருத்தம் ஏதுமின்றி, ஏகமனதாக நிறைவேறியது.

ஏகமனதாக என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேசையில் நாங்கள் நான்கு பேர். என் மனைவி மல்லிகா முன்மொழிந்தாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த வரதராஜ் அங்கிள் வழிமொழிந்தார். என் வாயில் வடை இருந்ததால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நான்காவது ஆள் மல்லிகாவின் தங்கை உமா. கல்யாணம் அவளுக்குத்தான் என்பதால் அவளுக்கு ஓட்டு கிடையாது.

"ஏன்க்கா, நேரா போய் நின்னா என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடியே போய் நின்னு காத்துக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ரொம்ப அவசரப்படறாங்கன்னு நினைப்பாங்க."

"அவசரம்தானே? எனக்கு முப்பத்தொண்ணு ஆவுது."

"அதைத்தான் சொல்றேன். அதை அவங்களுக்கு ஞாபகப்படுத்தணுமா?"

பெல்கூர் சதுக்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி இந்தப் பக்கத்தை வாசிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். பிரான்ஸுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பாரிஸில் கோபுரத்தின் கீழ் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். லியோனுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாமா என்பது கேள்வி. நான் போனது ஒரே ஒரு முறை. விலைகளை அந்தக் காலத்து ஃபிராங்க் கணக்கில்தான் சொல்ல முடியும். ஃபிராங்க் போய் யூரோ வந்துவிட்டது. சதுக்கம் மட்டும் அதே இடத்தில் இருப்பதாகக் கேள்வி.

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருவதுதானே முறை, நீங்கள் ஏன் கடல் தாண்டிப் போனீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். மாப்பிள்ளை தயாளன் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. இரண்டு தலைமுறையாக லியோனில் இருக்கிறார்கள். தயாளன் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவருடைய அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே நாங்கள் போக வேண்டியதாயிற்று. ஆனால் பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது பண்ருட்டியில் பிறந்த எவராலும் முடியாத காரியம். மல்லிகா பண்ருட்டியில் பிறந்தவள். ஆக, யார் வீடும் இல்லாத பொது இடம் ஒன்று தேவைப்பட்டது. தயாளனே இடம் சொன்னார். லியோன்காரர்கள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் 'குதிரை வாலுக்குக் கீழே' என்று சொல்லிக்கொள்வார்களாம். பெல்கூர் சதுக்கத்தின் நடுவில் ஒரு ராஜா குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குதிரையின் வால்தான் ஊருக்கே அடையாளம்.

உமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடிசனில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தாள். அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்ட மாப்பிள்ளைகளின் தொகை கணிசமானது. ஒருவர் வயது அதிகம் என்றார். ஒருவர் சம்பளம் அதிகம் என்றார். ஒருவர் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸிலிருந்து வந்து, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் நியூ ஜெர்சியில் குளிர் அதிகம் என்றார். தயாளன் மட்டும் போட்டோவும் ஜாதகமும் கைமாறிய பிறகு ஃபோனில் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். பிறகு ஞாயிறுதோறும் பேச்சு. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உமாவுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கிளம்புவதற்கு முதல் வாரம் அக்காவிடம் சொன்னாள்: "இவரை எனக்குப் புடிச்சிருக்குக்கா. இது அமையலன்னா அப்புறம் யாரையும் பார்க்காதீங்க. நான் இன்னொரு வாட்டி காபி தட்டு தூக்க மாட்டேன்."

பயணத்துக்கு வருவோம். மே மாதக் கடைசியில் திங்கள்கிழமை விடுமுறை வரும் வாரம். நியூவார்க்கிலிருந்து பாரிஸுக்கு இரவு விமானம். மூன்று மாதம் முன்பே வாங்கியதால் ஒரு டிக்கெட் நானூற்றெண்பது டாலர். தேதி மாற்ற முடியாத டிக்கெட். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசாவுக்கு நியூயார்க்கில் கான்சலேட் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். போகும் காரணத்தைக் கேட்டபோது உமா 'சுற்றுலா' என்றாள். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பும் முத்திரை செல்லுபடியாகிறதா என்பதை ஹெச்-1 வேலை விசாக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளவும். ஐரோப்பாவில் போய் அதைப் பார்ப்பவர்களுக்கு ஐரோப்பா நீண்ட நாள் நினைவிருக்கும்.

பாரிஸ் விமான நிலையத்துக்கு உள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து டி.ஜி.வி. எனப்படும் அதிவேக ரயிலில் லியோனுக்கு இரண்டு மணி நேரம். நகருக்குள் போகாமல் நேராகப் போய்விடலாம். இது தெரியாமல் டாக்ஸி பிடித்துப் பாரிஸுக்குள் போய் வேறு நிலையத்தில் ஏறியவர்களை எனக்குத் தெரியும். ரயிலில் சாப்பாடு விலை அதிகம். மல்லிகா புளியோதரை கொண்டுவந்திருந்தாள். ஐரோப்பாவின் மிக வேகமான ரயிலில், ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் கடுகு வயல்கள் ஓட, அலுமினியத் தாளைப் பிரித்தபோது எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். கால் நீட்ட இடம் கிடைத்தது.

லியோனில் இறங்கும் நிலையத்தின் பெயர் பார்தியு. அங்கிருந்து மெட்ரோவில் ஏறி ஒருமுறை வண்டி மாறினால் பெல்கூர். டிக்கெட் எட்டு ஃபிராங்க். எங்கள் ஹோட்டல் சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மூன்று பேருக்கு ஒரே அறை, லிஃப்டில் ஒரு ஆளோ ஒரு பெட்டியோதான் நிற்கலாம். உமா கருநீலப் பட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். மல்லிகா அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, "நல்லாருக்கு. ஆனா சிரிக்காதே" என்றாள்.

சதுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீளம் முந்நூறு மீட்டருக்கு மேல், அகலம் இருநூறு மீட்டர். தரை முழுவதும் செம்மண் நிறத்துப் பொடி மணல். மழை பெய்தால் செருப்போடு வீட்டுக்கு வரும். வெயிலடித்தால் கண்ணுக்குள் வரும். நடுவில் நிழல் கிடையாது. தெற்கு ஓரத்தில் வரிசையாக மரங்களும், பூக்கடையும், சுற்றுலா அலுவலகமும். வடக்கிலும் கிழக்கிலும் காபிக் கடைகள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் குன்றின் மேல் வெள்ளை நிற மாதா கோயில் ஒன்று. குதிரைமேல் இருப்பவர் பதினான்காம் லூயி. முதலில் இருந்த சிலையைப் புரட்சிக்காரர்கள் உருக்கிவிட்டார்கள். ஊர் அடங்கவில்லை என்று சதுக்கத்தைச் சுற்றியிருந்த மாளிகைகளின் முகப்பையும் இடித்தார்கள். பிறகு ராஜாக்கள் திரும்பி வந்தபோது அதே ராஜாவை அதே இடத்தில் புதிதாகச் செய்து ஏற்றி உட்கார வைத்தார்கள். மாளிகைகளையும் திரும்பக் கட்டினார்கள். நடுவில் எதுவும் நடக்காதது போல எல்லோரும் நடந்துகொண்டார்கள். பெரிய குடும்பங்களில் இது வழக்கம்.

ராஜாவின் கால் வைக்க அங்கவடி இல்லை. சிற்பி அதை மறந்துவிட்டு, பிறகு அவமானம் தாங்காமல் உயிரை விட்டான் என்று ஊரில் கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். ரோமானியச் சக்கரவர்த்தி போல ராஜாவைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அங்கவடி வைக்கவில்லை. சிற்பி அதற்குப் பிறகும் நன்றாகவே இருந்தார். ஆனாலும் ஊர் தன் கதையை மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் தீர்மானப்படி மூன்றே முக்காலுக்கு வடக்கு ஓரத்துக் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். வெளி மேசையில் உட்கார்ந்தால் காபிக்குக் கூடுதல் விலை, பன்னிரண்டு ஃபிராங்க். உள்ளே உட்கார்ந்தால் குறைவு, ஆனால் வால் தெரியாது. மல்லிகா மேசையை இரண்டு முறை மாற்றி, கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் திருப்தி அடைந்தாள். அங்கிருந்து குதிரைக்கு நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். வருகிறவரின் உயரம் தெரியும், மூக்கு தெரியாது.

நான்கு மணி ஆயிற்று. வாலுக்குக் கீழே ஆட்களுக்குக் குறைவில்லை. பூங்கொத்தோடு ஒரு பையன் நின்றான். அவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான், பீடத்தைச் சுற்றி வந்தான், திரும்பவும் நின்றான். அரை மணி கழித்து ஒரு பெண் ஓடி வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு இரண்டு கிழவிகள் சந்தித்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு தகப்பனார் தள்ளுவண்டிக் குழந்தையோடு காத்திருந்து மனைவியைச் சந்தித்தார். வந்தவர்கள் எல்லோரும் நட்டநடு வெயிலில், ஊர் பார்க்க, காத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் ஒரு தூண் தேவைப்படவில்லை.

"இன்னும் வரல பாரு," என்றாள் மல்லிகா. "நாலே முக்கால் ஆயிடுச்சி. என்ன மனுஷங்க!"

"அவங்களும் எங்கயாவது உக்காந்துக்கிட்டு இருக்காங்களோ என்னமோ," என்றாள் உமா.

"அவங்க ஏன் உக்காரணும்? மாப்பிள்ளை வீடு. கௌரவமா வந்து நிப்பாங்க."

உமா சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்தாள். "மாமா, அதோ அந்த மரத்தடியில ஒருத்தர் நிக்கறார் பாருங்க. வெள்ளைச் சட்டை. ரொம்ப நேரமா நிக்கறார். நம்ம ஊர் ஆளு மாதிரி இல்ல?"

பார்த்தேன். இருநூறு மீட்டருக்கு அப்பால், மர நிழலில், வெள்ளையாக ஒரு தீற்றல். நம் ஊர் ஆளாகவும் இருக்கலாம். தபால் பெட்டியாகவும் இருக்கலாம் என்று சொன்னேன்.

"அவரா இருந்தா குதிரைகிட்ட வந்திருக்க மாட்டாரா?" என்றாள் மல்லிகா. கேள்வி அவ்வளவு நியாயமாக இருந்தது.

உமா எழுந்து கடை வாசல் வரை போனாள். கருநீலப் பட்டில், கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அந்த மரத்தடியைப் பார்த்தாள். "நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள். மல்லிகா எழுந்து போய் முழங்கையைப் பிடித்தாள்.

"உக்காருடி. பொண்ணு போயி ஆளு தேடறதாவது. நாளைக்கு அவங்கம்மா சொல்லிக் காட்டுவாங்க, அலைஞ்சுக்கிட்டு வந்தாள்னு."

"சொல்லட்டுமே. கல்யாணம் ஆனப்புறம்தானே சொல்லுவாங்க?"

"வாயைப் பாரு. இந்த வாய்க்குத்தான் ஒண்ணும் அமையல."

உமா வந்து உட்கார்ந்தாள். கடைக்காரன் மூன்றாவது முறையாக வந்து ஏதோ கேட்டான். மேசைக்கு வாடகை கொடுப்பது போல மறுபடி மூன்று காபி சொன்னோம். ஆறரைக்கு மல்லிகா கைப்பையை எடுத்தாள். மரத்தடியில் வெள்ளைத் தீற்றலும் அப்போது இல்லை.

சதுக்கத்தின் ஓரத்தில் பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் இருந்தன. காசு போட முடியாது. சிகரெட் கடையில் கார்டு வாங்க வேண்டும். அமெரிக்க செல்ஃபோன் அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்யாது. ஏழரை மணி வரை தயாளன் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பிறகு அவருடைய அம்மா எடுத்தார். குரல் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"வரலன்னா ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லக்கூடாதா? ஆபரேஷன் ஆன மனுஷனைக் கூட்டிக்கிட்டு வந்து மூணு மணி நேரம் நின்னோமே!"

"நாங்கதாங்க நின்னோம்," என்றாள் மல்லிகா. "நாலு மணிக்கெல்லாம் குதிரைக்குக் கீழ வந்துட்டோம்."

"குதிரைக்குக் கீழயா? நாங்க அங்கதானே நின்னோம்! வாலுக்கு நேரா!"

"இல்லீங்க. நீங்க அங்க இல்ல."

"நீங்கதான் இல்ல. ஒரு ஈ காக்கா இல்ல."

"அது எப்படிங்க அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"நீ எப்படிம்மா சொல்றே?"

கார்டின் மதிப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சொல்வது பொய் என்பது மல்லிகாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். இரண்டே முக்கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் அந்த வாலைப் பார்த்தவள் அவள். ஆனால் அதைச் சொன்னால் எங்கிருந்து பார்த்தாய் என்ற கேள்வி வரும். அந்த அம்மாளுக்கும் அதே நிலைமை. எதிராளியைப் பொய்க்காரி என்று நிரூபிக்கும் சாட்சியம் இருவர் கையிலும் முழுமையாக இருந்தது. இருவராலும் அதைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை.

உமா கூண்டுக்குள் கையை நீட்டினாள். "குடுக்கா. நாம காபிக் கடையில உக்காந்திருந்தோம்னு நான் சொல்லிடறேன். அவ்ளோதானே?"

மல்லிகா ரிசீவரை மாட்டிவிட்டாள். "பொய் சொல்ற குடும்பம்," என்றாள். "நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாரிஸ் ரயில். பாரிஸில் கோபுரம், படகு எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு முன்பணம் கட்டியிருந்தோம். உமா ஒரு நாள் தங்குகிறேன் என்றாள். விமான டிக்கெட்டை மாற்ற முடியாது, தனியாக விட்டுவிட்டும் போக முடியாது என்று மல்லிகா இரண்டு காரணம் சொன்னாள். ஒன்றே போதுமானதாக இருந்தது. விடிந்து எழுந்தபோது உமாவின் கட்டில் காலியாக இருந்தது. எங்கே போயிருப்பாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

காலை நேரத்துப் பெல்கூர் பார்க்க வேண்டிய இடம் என்று தயங்காமல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆளே இல்லை. ஒரு சுத்தம் செய்யும் வண்டி ஓரமாக நீர் தெளித்துக்கொண்டு போயிற்று. செம்மண் நிறம் ஈரத்தில் கூடித் தெரிந்தது. வாலுக்கு நேர் கீழே, நேற்றைய பட்டு இல்லாமல், ஜீன்ஸும் ஸ்வெட்டருமாக உமா நின்றிருந்தாள். அந்தப் பெரிய வெளியில் நான்கு பக்கத்திலிருந்தும் தெரியும்படி.

"காலையில அவர் வீட்டுக்கு ஃபோன் பண்ணேன் மாமா," என்றாள். "அவங்கம்மா எடுத்தாங்க. தயா தூங்கறான்னாங்க. நான் குதிரைகிட்ட நிக்கறேன், எழுந்தா சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"சொல்லுவாங்களா?"

"சொல்லலாம்."

பீடத்தின் பக்கங்களில் இரண்டு வெண்கல உருவங்கள் சாய்ந்திருக்கும். நகரத்தின் இரண்டு நதிகள்; ஒன்று ஆண், ஒன்று பெண். ஒரு பக்கம் நின்றால் மற்றது தெரியாது. இரண்டையும் படம் எடுக்கச் சுற்றி வர வேண்டும். நான் சுற்றி வந்து எடுத்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. எட்டரைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"போலாமா உமா?"

"அஞ்சு நிமிஷம் மாமா."

அதற்குப் பிறகும் சில ஐந்து நிமிடங்கள் நின்றோம். பாரிஸைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கோபுரம் உயரமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு தயாளன் ஐசலினுக்குக் கூப்பிட்டார். உமா மாடியிலிருந்து இறங்கி வந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையருகே நின்று சொன்னாள். மரத்தடியில் வெள்ளைச் சட்டையில் நின்றது அவரேதான். அப்பாவும் அம்மாவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் வந்து நின்ற பிறகு நாம் போகலாம், மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தால் மரியாதையில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். வடக்குக் காபிக் கடை வாசலில் நீலப் புடவையில் ஒரு பெண் வந்து நின்றதைத் தயாளன் பார்த்திருக்கிறார். அவளாக இருக்குமோ என்றாராம். அவளாக இருந்தால் குதிரைகிட்ட வந்திருக்க மாட்டாளா என்று அம்மா கேட்டாராம். ஞாயிறு காலை உமா சொன்ன செய்தி தயாளனுக்கு வந்து சேரவில்லை.

இதைச் சொல்லும்போது உமா சிரித்தாள். எல்லாம் தெளிந்துவிட்டது, இனி என்ன என்ற சிரிப்பு.

மல்லிகா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "பார்த்தியா? குதிரைக்குக் கீழ நின்னோம்னு சொன்னாங்களே, எவ்ளோ துணிச்சல்!"

"நாமளும்தானேக்கா சொன்னோம்?"

"நாம சொன்னது வேற. பொண்ணோட மரியாதைக்காகச் சொன்னது. ஆமா, நாம கடையில இருந்ததை நீ அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? கூடப் பொறந்தவளையே காட்டிக் குடுத்திருக்கே."

லியோனிலும் அதே நேரத்தில், அநேகமாக இதே வார்த்தைகளில், இதே பேச்சு நடந்திருக்கிறது. மகன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக அந்த அம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அதுவரை இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பொய்க்காரர்கள் என்று சந்தேகித்தன. உண்மை வெளிவந்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வரதராஜ் அங்கிள் சமாதானத்துக்கு இறங்கினார். அவர் புதுச்சேரியிலும் எடிசனிலுமாக அறுபது வருடம் கல்யாணங்களைப் பார்த்தவர். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுது. இதுல என்ன இருக்கு?" என்றார்.

"பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல அங்கிள்," என்றாள் மல்லிகா. "அவங்க கூப்பிட்டா நான் நல்லாத்தான் பேசுவேன்."

அங்கிள் லியோனுக்கு ஃபோன் செய்தார். திரும்பி வந்து, "அவங்களும் அதான் சொல்றாங்க. நீங்க கூப்பிட்டா நல்லாத்தான் பேசுவாங்களாம்," என்றார்.

இப்படியாக இரண்டு வீட்டிலும் நல்லபடியாகப் பேசுவதற்குத் தயாராக ஃபோன் பக்கத்தில் இருந்தார்கள். கோடை போயிற்று. ஓக் ட்ரீ ரோட்டில் தீபாவளிக் கூட்டம் வந்து போயிற்று. ஞாயிறு காலைகளில் மாடியில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. சிரிப்பு குறைந்தது; பிறகு பேச்சு குறைந்தது. நாமே ரெஜிஸ்டர் மேரேஜ் செய்துகொள்ளலாம் என்று உமா கேட்டிருக்கிறாள். அம்மா கொஞ்சம் இறங்கி வரட்டும், காத்திருப்போம் என்று தயாளன் சொல்லியிருக்கிறார். காத்திருப்பதில் அந்தக் குடும்பத்துக்கு அனுபவம் இருந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பெல்கூருக்கு ஒரு முழு நாள் வேண்டாம். அரை நாள் போதும். காலையில் போவது நல்லது. மே, ஜூன் மாதங்களில் தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லவும். வெளிர் நிறப் புடவை, வேட்டி வேண்டாம். அந்தச் செம்மண் நிறம் துவைத்தாலும் போவதில்லை. சதுக்கத்திலிருந்து மேற்கே நதியைக் கடந்தால் பழைய லியோன். அங்கே வீடுகளுக்குள் புகுந்து வேறு தெருவில் வெளிவரும் சந்துகள் இருக்கின்றன, தவறவிட வேண்டாம். சைவக்காரர்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டில் ரொட்டியும் சீஸும் நிச்சயம். மற்றதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். காபிக் கடைகளில் வெளி மேசைக்கும் உள் மேசைக்கும் விலை வேறு என்பதை மறக்க வேண்டாம். யாரையாவது சந்திப்பதாக இருந்தால், சதுக்கம் பெரியது, ஓரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. நடுவில் போய் நிற்கவும். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அதனால் எந்தக் குறைவும் ஏற்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சுற்றுலா என்ற அளவில் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில்கள் நேரத்துக்கு வந்தன. பெட்டிகள் தொலையவில்லை. ஹோட்டல் சுத்தமாக இருந்தது. மல்லிகா இன்றும் விருந்தினர்களிடம் லியோனைப் பற்றி நல்லவிதமாகவே சொல்கிறாள். சிலையின் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.

தயாளனுக்கு 2000-ஆம் ஆண்டு தை மாதத்தில் புதுச்சேரியில் கல்யாணம் நடந்தது. உமா அதற்கு அடுத்த வருடம் டாலஸில் வேலை வாங்கிக்கொண்டு போனாள். அங்கே இர்விங் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டில் இருப்பதாக வரதராஜ் அங்கிள் சொன்னார். ஃபோன் நம்பர் அவரிடம் இருக்கிறது. எங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம்.